நம்ம கரைக்கு ஒண்ணும் வரலீங்க

படகில் ஏறும்போது உலகத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றுவார்கள். துரட்டிக்காரர் அப்போதுதான் மாட்டிக்கொள்வார். கரையில் இருக்கும்வரை சேறு, சரளை, காவல் சாவடியின் சிமெண்ட் தரை எல்லாவற்றுக்கும் வெறுங்கால்தான். படகு விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே கிடக்கும் ரப்பர் செருப்பைக் குனிந்து எடுத்து, இரண்டு தட்டு தட்டி, விரல்களை நுழைத்துக்கொண்ட பிறகுதான் எழுந்து நிற்பார். யாராவது சிரித்தால், "தரையில என்ன கிடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியுது. படகுல என்னென்ன கிடந்துச்சுன்னு எனக்குத்தானே தெரியும்?" என்பார். சிரித்தவர் அதற்கப்புறம் அந்தப் படகில் உட்கார யோசிப்பார்.

துரட்டிக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். வீட்டில் வைத்த பெயரை அவர் மனைவியே மறந்திருப்பாள். 'என்னங்க' என்று கூப்பிட்டே அவள் காலம் ஓடிவிட்டது. மற்றவர்கள் துரட்டியால் மரத்துக் காயைப் பறிப்பார்கள். இவர் ஆற்றில் மிதந்து வரும் ஆட்களைப் பறிப்பவர். இரண்டு ஆள் உயர மூங்கில், நுனியில் விரல் தடிமனுக்கு இரும்புக் கொக்கி. ஆற்றுக் காவல் சாவடியில் தினக்கூலி. வந்த அதிகாரிகள் எல்லோரும் உன்னை நிரந்தரம் ஆக்குகிறேன் என்றார்கள். சொன்னவர்கள் எல்லோரும் மாற்றலாகிப் போனார்கள். தினக்கூலி மட்டும் நிரந்தரமாக இருக்கிறது.

ஆள் ஒல்லி. தோளுக்குக் கீழே மட்டும் வேறு யாரிடமிருந்தோ கடன் வாங்கினது போன்ற கைகள். தண்ணீரின் மினுமினுப்பைப் பார்த்துப் பார்த்து ஒரு கண் எப்போதும் பாதி மூடியிருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் தங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். குரல் கரைக்குக் கரை கூப்பிட்டுப் பழகிய குரல். வீட்டில் உப்பு கேட்டால் தெருமுனை வரை கேட்கும். "மெதுவாத்தான் பேசுங்களேன், நான் என்ன அக்கரையிலயா நிக்கறேன்?" என்று மனைவி அலுத்துக்கொள்வாள்.

அக்கரை என்பது வேறு நாடு. நடு ஆறு எல்லை. தண்ணீரில் கோடு கிழிக்க முடியாது என்பதால் அங்கங்கே சிவப்பு மிதவைகளைக் கட்டி விட்டிருக்கிறார்கள். மோட்டார் படகில் ஒரு பகல் கீழே போனால் ஆறு மூன்றாவது நாட்டுக்குள் நுழைந்து, அகன்று, சோம்பேறியாகிவிடும். அந்த நாட்டைக் கீழ்நாடு என்றுதான் இரண்டு கரையிலும் சொல்வார்கள். சொல்லும்போதே உதடு கொஞ்சம் கோணும்.

ஆற்றோடு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. குளிக்கப் போய் வழுக்கினவர்கள், படகு கவிழ்ந்தவர்கள், மனசு விட்டுப் போய்க் குதித்தவர்கள் ஒரு வகை. அவர்களைப் படகில் ஏற்றி, சாக்கால் போர்த்தி, மரியாதையாகக் கரை சேர்ப்பார். மணிக்கட்டில் கயிறோடு வருகிறவர்கள், மண்டை பிளந்து வருகிறவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்கு இந்தக் கரையில் இடமில்லை. எந்த வகை என்று தீர்மானிப்பது அவர் இல்லை. சாவடி மாடியில் தொலைநோக்கியோடு ஒரு காவலர் உட்கார்ந்திருப்பார். ஒரு நீள விசில் வந்தால் கொண்டு வா என்று அர்த்தம். இரண்டு குட்டை விசில் வந்தால் தள்ளு. காவலருக்குச் சந்தேகம் வந்தாலும் இரண்டு குட்டைதான்.

தள்ளுவதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. சட்டைக் காலரிலோ இடுப்புப் பட்டையிலோ கொக்கியை மாட்டி, படகின் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு, மிதவையைத் தாண்டிப் போய், நீரோட்டம் அக்கரைப் பக்கம் சாயும் இடத்தில் கழியை லேசாக முறுக்கினால் கொக்கி கழன்றுகொள்ளும். பிறகு நீரோட்டம் பார்த்துக்கொள்ளும். "போய் வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பி விடுவார். பெரும்பாலும் குப்புறத்தான் மிதப்பார்கள். மல்லாந்து வந்தால் முதலில் ஈரச் சாக்கை முகத்தில் எறிந்து மூடிவிட்டுத்தான் கிட்டே போவார். "மூஞ்சியப் பார்த்தா பேரு என்னன்னு கேக்கத் தோணும். பேரைக் கேட்டா வீடு எங்கன்னு கேக்கத் தோணும். கேட்டுட்டு நான் என்னத்தப் பண்ணப்போறேன்?"

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் பாலத்தடிக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே ஆற்றைப் பார்த்தபடி ஒரு பெரிய பலகை நிற்கிறது. மேலே ஒரு வெள்ளைப் புறா. கீழே, 'அண்டை நாடுகளிலேயே கொலைகள் மிகக் குறைந்த நாடு நம் நாடு. லட்சம் பேருக்கு 0.8 மட்டுமே.' அக்கரையிலும் ஒரு பலகை. அதிலும் புறா. அதிலும் அண்டை நாடுகளிலேயே மிகக் குறைவு, அவர்களுக்கு 0.7. எந்த வருஷத்துக் கணக்கு என்று இந்தக் கரையிலும் கேட்பதில்லை, அந்தக் கரையிலும் கேட்பதில்லை. இரண்டு புறாக்களும் ஒன்றையொன்று பார்த்துப் பறந்துகொண்டிருக்க, நடுவில் ஆறு தன் சுமையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. கீழ்நாட்டில் பலகை இல்லை. அவர்களுடைய கணக்கு பதினொன்று. தொலைக்காட்சியில் அந்தப் பதினொன்றைக் காட்டும்போது டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், "மனுஷங்களா அவங்க, காட்டுமிராண்டிங்க" என்று காறித் துப்பாத குறையாகப் பேசுவார்கள். துரட்டிக்காரரும் தலையாட்டுவார். கொலைகாரர்களை நாம் வைத்துக்கொண்டு, கொலையுண்டவர்களை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, அவர்களுக்கே பட்டமும் சூட்டுகிறோம் என்பது அந்த டீக்கடையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்தும் தலையாட்டுவார்.

புள்ளி எட்டைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. "புள்ளி எட்டுன்னா முழு ஆள் வராதே. ஒரு காலும் கையும் குறையுது போல" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

சாவடி இன்ஸ்பெக்டரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவருக்கு முன்பு இருந்தவர், ஒரு மழைக்காலத்தில் கயிறோடு வந்தவர்களையும் கரையேற்றிவிட்டார். உங்கள் எல்லையில் மட்டும் ஏன் இத்தனை கொலை என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. பதில் எழுதி முடிப்பதற்குள் அவரைத் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடித்தார்கள். இப்போது இருப்பவருக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்ற மனமில்லை. வந்த வாரமே விசில் முறையைக் கொண்டுவந்தார். "யோவ், நடு ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டா அது அவங்க பொணம். நம்ம கையில ஒண்ணும் இல்ல, புரியுதா?" என்று ஒரே ஒரு தடவைதான் விளக்கினார். துரட்டிக்காரருக்குப் புரிந்துவிட்டது. காணாமல் போனவர்களைத் தேடிக்கொண்டு தாய்மாரும் தகப்பன்மாரும் கரைக்கு வந்து கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். "நம்ம கரைக்கு ஒண்ணும் வரலீங்க." அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

கல்யாண வீட்டில் அவரை முன்வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள். ஆனால் கிணற்றில் வாளி விழுந்தால் மட்டும் ஆள் அனுப்புவார்கள். போய் ஒரே தூக்கில் எடுத்துக் கொடுப்பார். "எந்தக் கொக்கின்னு கேக்காதீங்க, தண்ணி நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லி வீட்டுக்காரம்மாளின் முகம் போகிற போக்கைப் பார்த்து ரசிப்பார்.

அவரைக் கேலி செய்ய உரிமையுள்ள ஆள் ஒருவன்தான், தங்கை மகன். தங்கையின் கணவன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். பையனைத் தோளில் தூக்கி வளர்த்தது, நீச்சல் கற்றுக்கொடுத்தது, முதல் தடவை மீசை மழிக்க அழைத்துப் போனது எல்லாம் இவர்தான். மேலே, ஆற்றோரத்து மரக்கிடங்கில் அவனுக்கு வேலை. சாயங்காலம் வந்து மாமாவின் படகு விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "என்ன மாமா, இன்னிக்கு எத்தனை பேருக்குக் குடியுரிமை மாத்திக் குடுத்தீங்க?" என்பான். "போடா, வாயைக் கழுவு" என்று இவர் அடிக்கக் கை ஓங்குவார். ஓங்கிய கை அவன் தலையைக் கோதிவிட்டுத்தான் இறங்கும்.

அந்தப் பையனுக்கு வாய்தான் பெரிசு என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்; மனசும் பெரிசு. கிடங்கில் கூட வேலை செய்த ஒருவன் காலில் மரம் உருண்டு விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முதலாளி வண்டி தர மாட்டேன் என்றார், சீட்டில் ரத்தமாகிவிடுமாம். இவன் முதலாளியின் சட்டையைப் பிடித்துவிட்டான். நாலு பேர் பார்க்க, கிடங்கு வாசலில். வண்டி கிடைத்தது. அன்றைக்குச் சாயங்காலம் பையன் வீடு திரும்பவில்லை.

மறுநாள் காலை பள்ளிப் பிள்ளைகளின் படகு புறப்படும் நேரத்துக்குச் சற்று முன்னால் மாடியிலிருந்து இரண்டு குட்டை விசில் கேட்டது. துரட்டிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். குப்புற மிதந்த இளவட்டம். பச்சைக் கோடு போட்ட சட்டை, தலைமுடியில் ஏதோ மரத்தூள். ஆற்றில் எல்லோர் தலையிலும் ஏதாவது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். காலரில் கொக்கியை மாட்டினார். துணி கொஞ்சம் கிழிந்தது. கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில், பச்சைத் துணியில் கறுப்பு நூலால் போட்ட தையல் ஒன்று கண்ணில் பட்டது. எந்த வீட்டிலோ பச்சை நூல் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று அந்த நேரத்தில்கூட நினைத்தார். மிதவையைத் தாண்டிப் போய்க் கழியை முறுக்கினார். போய் வாங்க என்றார். திரும்பி வந்து டீ குடித்தார்.

மத்தியானம் தங்கை வந்தாள். செருப்புகூடப் போடாமல், அடுப்படியிலிருந்து நேரே எழுந்து வந்தவள் மாதிரி இருந்தாள்.

"அண்ணே, புள்ள நேத்துலருந்து வரலண்ணே. கிடங்குல கேட்டா அக்கரைக்கு வேலை தேடிப் போயிருப்பான்கறாங்க. மாத்துத் துணிகூட எடுக்காம எங்கண்ணே போவான்?"

"வந்துடுவான் பாப்பா. சண்டை போட்டானில்ல, பயந்துக்கிட்டு எங்கயாவது ஒதுங்கியிருப்பான்."

"என்ன போட்டிருந்தான்னு போலீஸ்ல கேப்பாங்கல்ல? அந்தப் பச்சைக் கோட்டுச் சட்டைதான். காலர் விட்டுப்போச்சுன்னு நான்தான் தைச்சுக் குடுத்தேன். பச்சை நூல் இல்ல, கறுப்புலயே தைச்சுட்டேன். எல்லாரும் சிரிக்கப் போறாங்கம்மான்னு சொல்லிக்கிட்டே போட்டுக்கிட்டுப் போனாண்ணே." ஆற்றைப் பார்த்துக்கொண்டே, பயந்த குரலில் கேட்டாள். "ஆத்துல… எதுவும்…?"

துரட்டிக்காரர் அக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வழக்கமான அந்த வாக்கியம் மட்டும் தானாக வாயிலிருந்து வந்தது.

"நம்ம கரைக்கு ஒண்ணும் வரலம்மா."

அவள் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சைப் போல ஒரு கொடுமையை அவர் வாழ்நாளில் அனுபவித்ததில்லை.

அவள் போனதும் படகை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் பறந்தார். அங்கேயும் ஒரு துரட்டிக்காரர் உண்டு. ஆற்றில் வருவதை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வதால் ஒருவரையொருவர் பங்காளி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். பங்காளி வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"காலைல நான் விட்டேனே, பச்சைச் சட்டை. எங்க?"

"அதுவா? வந்த வேகத்துல அனுப்பிட்டேன். எங்களுக்கும் மேலிடத்துலருந்து ஆள் வர்ற சமயம்யா. கீழ போயிருக்கும். எல்லாம் அங்கதானே போவுது, புதுசா கேக்கற?" என்றவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் பங்காளி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

இவர் படகைத் திருப்பிக்கொண்டார்.

தங்கை ஒவ்வொரு நாளும் சாவடிக்குப் போனாள். அண்ணன் துணைக்குப் போய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகத்தான் பேசினார். "அம்மா, கொலைன்னு நீங்க சொல்றீங்க. பொணம் இருக்கா? பொணம் இல்லாம கொலைன்னு எப்படி எழுதறது? வயசுப் பையன், அக்கரைக்குப் போயிருப்பான். ரெண்டு மாசம் கழிச்சு நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்து நிப்பான் பாருங்க." சொல்லிவிட்டு வாசலில் நின்றவரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டருக்கும் தெரியும் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. நாலாம் நாள், வெளியே வந்ததும் துரட்டிக்காரர் தங்கையிடம், "கீழ ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றார்.

"அந்தக் கொலைகார ஊருக்கா? அங்க அவன் எதுக்குண்ணே போறான்?"

"வா" என்று மட்டும் சொன்னார்.

கீழ்நாட்டில் ஆற்றங்கரையை ஒட்டி ஓர் ஆஸ்பத்திரி. அதன் பின்கட்டில் ஒரு நீள அறை. சுவர் முழுக்கப் புகைப்படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு எண், எண்ணுக்கு நேராக அலமாரியில் ஒரு துணிப்பொதி. மேசையில் ஒரு நடுவயதுப் பெண் அதிகாரி தலைவலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். மேலேயிருந்து என்றார்கள்.

"எல்லாரும் மேலேயிருந்துதான் வர்றாங்க" என்றாள் அவள். "உங்க நாட்டுலயும் யாரும் சாகறதில்ல, எதிர்க்கரையிலயும் யாரும் சாகறதில்ல. அத்தனை பேரும் எங்க ஊருக்கு வந்து செத்துப் போறாங்க. நாங்க எடுத்து, கழுவி, போட்டோ புடிச்சு, எண்ணி, புதைக்கறோம். அப்புறம் உலகத்துக்கிட்ட நாங்கதான் கொலைகாரங்கன்னு பேர் வாங்கறோம். உக்காருங்கம்மா. என்ன சட்டை?"

பொதியைப் பிரித்து மேசையில் வைத்தாள். தங்கை சட்டையைத் தொடவில்லை. கறுப்புத் தையலை மட்டும் ஒரு விரலால் தடவினாள். பிறகு வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு மேசையிலேயே தலையைச் சாய்த்துவிட்டாள். சத்தம் வெளியே வரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. துரட்டிக்காரர் அந்த முதுகைத் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினார், பாதியில் இறக்கிக்கொண்டார்.

அவள் கொஞ்சம் தெளிந்ததும் அதிகாரி எதையும் மறைக்காமல் சொன்னாள். பின்மண்டையில் கட்டையால் அடித்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் விழும்போது உயிர் இல்லை. கொலைதான், சந்தேகமே இல்லை.

"ஆனா இங்க கிடைச்சதால இங்க நடந்த கொலைன்னுதான் என்னால எழுத முடியும். செஞ்சவன் உங்க ஊர்ல இருக்கான், நான் எங்க போய்ப் புடிக்கறது? கொஞ்ச நாள்ல மூடிடுவாங்க. ஒரு வழிதான் இருக்கு. மேல, உங்க கரையோரமா இந்த உடம்பைப் பார்த்தவங்க ஒருத்தர் வாக்குமூலம் குடுத்தா, இது உங்க நாட்டுக் கொலைன்னு நான் கேள்வி அனுப்பலாம். அப்ப அவங்க விசாரிச்சே ஆகணும்." சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். "காலர்ல கொக்கி பட்டுக் கிழிஞ்சிருக்கு. யாரோ மாட்டி இழுத்திருக்காங்க. அந்த ஆள் வாயைத் திறந்தா போதும். ஆனா இத்தனை வருஷத்துல ஒரு ஆளும் திறந்ததில்ல."

அந்த அறையில் துரட்டிக்காரர் பட்ட பாட்டை அவருக்குக் கேடு நினைப்பவர்கூடப் படக் கூடாது. சொன்னால் வேலை போகும், ஒருவேளை சிறையும் உண்டு. அதையெல்லாம்கூட அவர் பெரிதாக நினைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது ஓர் அண்ணன். சொன்னால் அந்த அண்ணனும் இருக்க மாட்டான். சொல்லாவிட்டால், பையனைக் கட்டையால் அடித்தவன் கிடங்கு வாசலில் சுகமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். மேசை மேல் கிடந்த சட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"நான்தாங்க" என்றார். அவருக்கே கேட்காத குரல். அதிகாரி என்ன என்றாள். "நான்தாங்க கொக்கி போட்டேன். எங்க கரைக்குப் பக்கத்துலதான் வந்துச்சு. விசில் குடுத்தாங்க. நான்தான் அந்தப் பக்கம் தள்ளி விட்டேன். அவன்னு தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது."

தங்கை முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அண்ணனை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

அந்த வாக்குமூலம் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்; பின்னால் சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை. கீழ்நாட்டிலிருந்து கேள்வி வந்தது. அப்படி ஓர் ஊழியர் எங்கள் சாவடியில் இல்லவே இல்லை என்று இன்ஸ்பெக்டர் பதில் எழுதினார். தினக்கூலிக்கு ஏது பதிவு? உண்மையைத்தான் எழுதினார். துரட்டிக்காரரைக் கைது செய்யவும் இல்லை. செய்தால் அவர் தள்ளினதை ஒப்புக்கொண்டதாகிவிடும். மூங்கில் கழி வேறொருவன் கைக்குப் போயிற்று. அவனுக்கும் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மரக்கிடங்கு நன்றாக நடக்கிறது. அந்த வருஷம் கீழ்நாட்டுக் கணக்கு இன்னும் ஏறியது. பாலத்தடிப் பலகையில் புறாவுக்குப் புது வெள்ளை அடித்தார்கள். டீக்கடையில் காட்டுமிராண்டிகள் என்று பேச்சு வரும்போது துரட்டிக்காரர் இப்போது தலையாட்டுவதில்லை. கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அவர்கள் பேசி முடித்து அடுத்த பேச்சுக்குப் போகிறார்கள்.

அன்றைக்குக் கீழ்நாட்டில் பையனைப் புதைத்த இடத்தைக் காட்டினார்கள். தங்கை கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாள். சட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளிடம் கொடுத்தார்கள். திரும்பும்போது அவள் படகின் முன்கோடியில், ஆற்றைப் பார்த்தபடி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மோட்டார் சத்தத்திலேயே வழி போயிற்று. பாலம் கண்ணில் படும்போது, முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"மூஞ்சியப் பார்த்தியாண்ணே?"

அவர் மோட்டாரை அணைத்தார். "இல்ல பாப்பா. பார்த்திருந்தா விட்டிருப்பேனா? தோள்ல போட்டுக்கிட்டு வந்திருப்பேன். விசிலாவது மண்ணாவது. ஒருத்தனாலயும் என்னைத் தடுத்திருக்க முடியாது."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"வேற ஒருத்தி புள்ளையா இருந்திருந்தா?"

படகு தானாகக் கரையை நோக்கி ஒதுங்கிக்கொண்டிருந்தது. துரட்டிக்காரர் துடுப்பை எடுத்தார். ஒரு தடவை போட்டார்.

படித்துறையில் படகு முட்டியது. அவர் முதலில் குதித்து இறங்கி, கயிற்றை முளையில் சுற்றிவிட்டு, அவள் இறங்குவதற்காகக் கையை நீட்டினார். அவள் எழுந்து நின்றாள். நீட்டின கையைப் பார்த்தாள். பிறகு பிளாஸ்டிக் பையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, படகின் மறுபக்கத்து விளிம்பில் உட்கார்ந்து, அப்படியே தண்ணீருக்குள் சரிந்து இறங்கினாள். அந்தப் பக்கம் மார்பளவு ஆழம். "அங்க ஆழம் பாப்பா, இந்தப் பக்கமா வா" என்று அவர் கத்தினார். அவள் பையை நனைய விடாமல், படகைச் சுற்றாமல், அவர் நின்ற படித்துறையையும் விட்டு விலகி, சேற்றில் காலை ஊன்றி ஊன்றித் தானாகவே கரையேறிப் போனாள்.